பைக் கவர் வாங்குவோர் கையேடு, பூனையின் ஒப்புதலுடன்

முதலில் வண்டி யாருடையது என்பதில் ஒரு தெளிவு வேண்டும். ஆர்.சி. புத்தகத்தில் உங்கள் பெயர் இருக்கும். அதற்குக் கீழே கடன் கொடுத்த நிதி நிறுவனத்தின் பெயர் இருக்கும். மூன்றாவது பங்குதாரரின் பெயர் அதில் எங்கும் இருக்காது. ஆனால் இரவு பத்து மணியிலிருந்து காலை பால் பாக்கெட் வரும்வரை அனுபவ பாத்தியதை அவருடையதுதான். தவணை கட்டுவது நீங்கள், வட்டி வாங்குவது நிறுவனம், படுத்துத் தூங்குவது அவர். இந்த ஏற்பாடு பிடிக்காதவர்கள் கார் வாங்கலாம். கார் வாங்கியவர்கள் பானெட்டின் மேல் எட்டிப் பார்க்கலாம்.

இந்தக் கையேடு சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், சிட்லப்பாக்கம், பம்மல், பெருங்களத்தூர்வாசிகளுக்காக எழுதப்பட்டது. 2021 நவம்பரில் ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் சேர்ந்து தாம்பரம் மாநகராட்சி ஆனதிலிருந்து நாமெல்லாம் ஒரே ஊர்க்காரர்கள். பூனைகளுக்கு மட்டும் அந்த அரசாணை வந்து சேரவில்லை. அவை இன்னும் தெருவுக்குத் தெரு எல்லை பிரித்துத்தான் ஆள்கின்றன.

காலையில் வண்டியருகே போனதும் உட்கார்ந்துவிடாதீர்கள். சீட்டைப் படியுங்கள். மண் கால்தடமும் கொஞ்சம் முடியும் மட்டும் இருந்தால், ஆள் வந்து படுத்துவிட்டுப் போயிருக்கிறார். இது குடியிருப்பு வழக்கு. ரெக்ஸினில் கீறல் இருந்தால் சொத்துச் சேத வழக்கு. மூக்கைப் பொத்த வேண்டியிருந்தால் எல்லைத் தகராறு: கடுவன் பூனை வாலைத் தூக்கி, பின்பக்கமாகப் பீய்ச்சி, இந்த இடம் பட்டா ஆகிவிட்டது என்று பதிவு செய்திருக்கிறது. மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு. நம் மக்களிடம் இருப்பது மூன்றுக்கும் ஒரே மருந்து, "சூ".

குடியிருப்பு வழக்கை எடுத்துக்கொள்வோம். பூனையின் உடல் வெப்பம் 38 டிகிரிக்கு மேல். சுற்றுப்புறம் 30 முதல் 38 டிகிரி வரை இருந்தால்தான், உடம்பைச் சூடாக்கவோ ஆற்றவோ கூடுதலாக மெனக்கெடாமல் அது நிம்மதியாக இருக்கும். அதாவது, நாம் மின்விசிறியை ஐந்தில் வைத்துக்கொண்டு புலம்புகிற வெயில் அதற்கு வசந்தம். மார்கழி இரவில் பாதரசம் இருபதை ஒட்டி இறங்கும்போது, கேம்ப் ரோட்டில் மனிதர்களே மங்கி கேப் போட்டுக்கொண்டு நடக்கிறார்கள். பூனை என்ன செய்யும்? ஒரகடத்தில் இரண்டாவது ஷிப்ட் முடித்து, வண்டலூர் வழியாக நாற்பது நிமிடம் ஓடிவந்து, இன்ஜின் கொதிக்க நிற்கிறது உங்கள் வண்டி. மேலே நுரைப் பஞ்சு வைத்த மெத்தை. தெருநாய்க்கு எட்டாத உயரம். கேட்டில் யார் வருகிறார்கள் என்று படுத்தபடியே பார்க்கலாம். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு முதல் பதினாறு மணி நேரம் தூங்க வேண்டிய பொறுப்புள்ள ஒரு ஜீவனுக்கு, இந்த வசதியோடு வாடகை இல்லாத இடம் தாம்பரத்தில் வேறெங்கே கிடைக்கும்?

ஆகவே வண்டி வாங்கும்போதே இதை யோசித்திருக்க வேண்டும். 1950-களில் திருவொற்றியூரில் தொடங்கிய புல்லட் தயாரிப்பு 2013-இல் நம் பக்கத்து ஊரான ஒரகடத்துக்கும் வந்துவிட்டதால், அகலமான சீட்டுக்கு இந்தப் பகுதியில் பஞ்சமில்லை. குடும்பத்தோடு வாழும் பூனைக்கு அது பொருத்தம். தனிக்கட்டைக்கு டி.வி.எஸ். எக்ஸ்.எல். போதும். ஸ்கூட்டர் என்றால் மேலே படுக்கை, கீழே கால் வைக்கும் இடத்தில் மழைக்கு ஒதுங்கும் வராந்தா என்று இரண்டு தளம்.

சொத்துச் சேதம் கொஞ்சம் பெரிய விஷயம். மாமல்லபுரத்தில் அர்ச்சுனன் தபசுப் பாறையில் ஒரு பூனை இருக்கிறது. பின்னங்கால்களில் நின்று, முன்னங்கால்களைத் தலைக்கு மேல் தூக்கியிருக்கும், சுற்றிலும் எலிகள். ஏழாம் நூற்றாண்டுப் பல்லவச் சிற்பி செதுக்கியது. தவம் செய்கிற பூனை என்று வழிகாட்டிகள் சொல்வார்கள், போலித் துறவி என்று சிலர் விளக்குவார்கள். பைக் வைத்திருப்பவர்கள் யாராவது அந்தப் பாறை முன்னால் நின்று பார்த்தால் உண்மை விளங்கிவிடும். அது தவமில்லை. புது சீட்டில் நகத்தை இறக்குவதற்கு ஒரு நொடி முந்தைய நிலை.

நகம் கீறுவது பகையால் அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். நகத்தின் மேல் உறை பழசாகிக் கழன்று விழ அதற்கு ஒரு பிடிமானம் தேவை. தூங்கி எழுந்ததும் முதுகை நீட்ட வேண்டும். கால் விரல்களுக்கு இடையே வாசனைச் சுரப்பிகள் இருக்கின்றன; கீறும்போது அந்த வாசனை இடத்தில் ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் அடுத்த நாளும் அதே சீட்டு, அதே இடம். வழுவழுப்பாக இழுத்துக் கட்டிய ரெக்ஸினை விட சொரசொரப்பான நெசவுதான் அதற்குப் பிடிக்கும். இதை அறியாமல், முதுகு வியர்க்கக் கூடாது என்று நெட் துணி வைத்த சீட் கவரை நாம் ஆசையாய் வாங்கி மாட்டுகிறோம். பூனையின் பார்வையில் இது வீட்டு உரிமையாளர் தானாக முன்வந்து செய்து கொடுத்த உள் அலங்காரம். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: ரெக்ஸினில் முதல் கீறல் விழுந்த அன்றே ஒட்டிவிடுங்கள், சீட்டையும் சோப்புத் தண்ணீரால் கழுவிவிடுங்கள். பஞ்சு வெளியே தெரிந்துவிட்டால் பிறகு எந்தச் சட்டமும் செல்லாது.

எல்லைத் தகராறுக்கு வண்டலூர் போய்ப் பாருங்கள். அங்கே புலியும் மரத்தைக் கீறுகிறது, வாலைத் தூக்கிப் பீய்ச்சுகிறது. அதே வேலையை அதைவிடச் சின்ன உறவுக்காரர் உங்கள் பார்க்கிங்கில் இலவசமாகச் செய்துகாட்டுகிறார், நாம்தான் கத்துகிறோம். வாடையைப் போக்க அமோனியா கலந்த சுத்திகரிப்பான் எதையும் ஊற்றாதீர்கள். பூனைக்கு அது இன்னொரு பூனையின் கையெழுத்தாகப் படும்; மேல் கையெழுத்துப் போட மறுபடி வரும். வினிகரைத் தண்ணீரில் கலந்து துடைத்து, வெயிலில் காய வைத்தால் ஓரளவு போகும். முழுதாகப் போக என்ன வழி என்பதற்குப் பின்னால் வருகிறேன்.

இப்போது கவர்.

நம் பகுதியில் கவர் பழைய சேலையில்தான் தொடங்குகிறது. நூல் சேலை, பலமுறை துவைத்தது, மென்மையானது. தூசியை அரைகுறையாகத் தடுக்கும், மழையை அறவே தடுக்காது. இதுவரை வந்த கவர்களில் பூனைகள் ஒருமனதாகப் பாராட்டியது இதைத்தான். அடுத்தது ஃப்ளெக்ஸ் பேனர். காதணி விழாவோ கட்சி மாநாடோ முடிந்ததும் எப்படியோ வீடு வந்து சேர்ந்துவிடும். தண்ணீர் இறங்காது, வழுக்கும், கனமாக நிற்கும். பொருள் என்ற முறையில் நல்ல பொருள். ஆனால் தினமும் காலையில் தலைவரின் முகத்தை மடித்து டிக்கியில் திணிக்க வேண்டியிருக்கும். வீட்டில் இரண்டு கட்சி இருந்தால் யோசித்துச் செய்யுங்கள்.

காசு கொடுத்து வாங்குவதென்றால் ஜி.எஸ்.டி. சாலையோரம் போகவேண்டும். ஹெல்மெட், கால்மிதி, தார்ப்பாய், ரெயின்கோட், பைக் கவர் எல்லாம் ஒரே கயிற்றில் தொங்கும்.

"அண்ணே, தண்ணி உள்ள போகுமா?"

கடைக்காரர் பதில் சொல்லமாட்டார். பாட்டிலைத் திறந்து கவர் மேல் ஒரு கை தண்ணீர் ஊற்றுவார். அது உருண்டு ஓடும். "பாத்துக்குங்க சார். பாராசூட் துணி."

"புல்லட்டுக்குப் பத்துமா?"

"புல்லட்டுக்கும் போடலாம், ஆக்டிவாவுக்கும் போடலாம் சார். ஃப்ரீ சைஸ்."

ஃப்ரீ சைஸ் என்றால் புல்லட்டில் இரண்டு சக்கரமும் வெளியே தெரியும், எக்ஸ்.எல்.லில் பாதிக் கவர் தரையில் கிடந்து சாக்கடைத் தண்ணீரை உறிஞ்சும் என்று பொருள். வண்டியின் மாடலைச் சொல்லி வாங்குங்கள். கண்ணாடிக்குத் தனியாகப் பை தைத்திருக்கிறதா, முன்சக்கரத்தில் பூட்டுச் சங்கிலி கோக்க ஓட்டை இருக்கிறதா என்று பாருங்கள். ஏனென்றால் நம் ஊரில் வண்டி திருடு போவதற்கு முன்னால் கவர்தான் திருடு போகும்.

பிராண்டு கவர் வாங்குபவர்கள் லேபிளைப் படிப்பார்கள். டஃபெட்டா, 190டி, இத்தனை டெனியர் என்றெல்லாம் இருக்கும். 9000 மீட்டர் நூலை எடை போட்டால் எத்தனை கிராம் வருகிறதோ அதுதான் டெனியர். எண் கூடக்கூட நூல் தடிமன். சாலையோரக் கவரை விட 300 டெனியர் துணி நன்றாக உழைக்கும், 600 டெனியர் இன்னும் உழைக்கும். ஆனால் மடித்தால் சீட்டுக்கடியில் அடங்காது. உள்ளே பளபளக்கும் வெள்ளிப் பூச்சைக் கண்டு மயங்காதீர்கள். ஒரு கத்திரி வெயிலைத் தாண்டினால் பூச்சு பொடிப்பொடியாக உதிரும். ஆபீசில் உங்கள் கறுப்பு பேண்ட்டைப் பார்த்து எந்தக் கல்யாணத்துக்குப் போய்வந்தீர்கள் என்று கேட்பார்கள். வெயில் படும் இடத்தில் நிறுத்துபவர்களுக்குக் கெட்டித் துணி அவசியம். ஸ்டில்ட் பார்க்கிங்கில் நிறுத்துபவர்களுக்குத் தூசிக்காக ஒரு மெல்லிய கவர் போதும், மிச்சக் காசைச் சீட்டு தைக்க வைத்துக்கொள்ளலாம்.

அடியில் எலாஸ்டிக் வைத்ததா, வைக்காததா என்பது தத்துவார்த்தமான கேள்வி. எலாஸ்டிக் இல்லாவிட்டால் காற்று உள்ளே புகுந்து கவர் பாய்மரமாகிவிடும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் வீசியபோது வண்டலூர் பூங்காவிலேயே ஆயிரக்கணக்கில் மரங்கள் சாய்ந்தன. சைடு ஸ்டாண்டில் நிற்கும் வண்டி எம்மாத்திரம்? அப்படிப்பட்ட நாளில் கவரைக் கழற்றிவிட்டு, சென்டர் ஸ்டாண்டு போடுவதே நல்லது. எலாஸ்டிக்கும் அடியில் பக்கிள் பட்டையும் இருந்தால் சாதாரணக் காற்று புகாது. ஆனால் பூனை புகும். புகுந்தபின் மழை இல்லை, வெளிச்சம் இல்லை, நாய் இல்லை, காற்றில்லை, கீழே சூடான இன்ஜின். முன்பு வெட்டவெளியில் படுத்தவருக்கு நீங்கள் தனி அறை கட்டிக் கொடுத்திருக்கிறீர்கள்.

மழை பற்றி ஒரு வார்த்தை. கவர் மேலிருந்து வரும் தண்ணீருக்கானது. 2015 டிசம்பர் 1, 2 தேதிகளில் 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை கொட்டியது. அடையாறு பெருகி முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின. அன்று வண்டிகளுக்குத் தண்ணீர் வந்தது கீழிருந்து. அதற்கு எந்த டெனியரும் உதவாது, உயரம்தான் உதவும். இதைப் புரிந்துகொண்டவர்கள்தான் 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்தில் கார்களை வரிசையாக ஏற்றி நிறுத்தினார்கள். மேம்பாலத்தில் பூனைத் தொல்லை என்று அன்று எந்தப் புகாரும் எழவில்லை என்பதைக் கையேடு குறித்துக்கொள்கிறது.

இன்னொரு விதி: சைலன்சர் ஆறுவதற்குள் கவர் போடக்கூடாது. உருகி ஒட்டிக்கொள்ளும், வாழ்நாள் முழுக்க நாற்றம் அடிக்கும். நனைந்த வண்டிக்கும் போடக்கூடாது, ஈரம் அடைபட்டுத் துரு ஏறும். எனவே வீட்டுக்கு வந்து, அரை மணி நேரம் காத்திருந்து, கீழே இறங்கி வந்து கவரை மாட்ட வேண்டும். அந்த அரை மணி நேரத்தில் உங்களுக்கு இரவுச் சாப்பாடு, பூனைக்கு இடம்பிடிப்பு. நீங்கள் கவரோடு வரும்போது சீட்டில் சுருண்டிருப்பவர் ஒரு கண்ணைத் திறந்து, கொண்டுவந்தது போர்வையா என்று பார்ப்பார்.

விரட்டும் வழிகளுக்குப் பஞ்சமில்லை. இந்த விஷயத்தில் அடுக்குமாடியில் ஆளுக்கு ஒரு நிபுணத்துவம். நீலச் சொட்டு கலந்த தண்ணீரை பாட்டிலில் நிரப்பி வண்டியருகே வைக்கச் சொல்வார் ஒருவர். நாய்க்காகப் பல வீட்டு வாசலில் இது இருக்கிறது. அந்த பாட்டிலில் முதுகைத் தேய்த்துக்கொள்ளும் பூனைகளை யாரும் பார்க்கலாம். ஆரஞ்சு, எலுமிச்சைத் தோல் உண்மையிலேயே பல பூனைகளுக்குப் பிடிக்காது. மேற்குத் தாம்பரம் சண்முகம் சாலையில் ஆரஞ்சு மலிவாக வரும் நாட்களில் இது நல்ல திட்டம். தோல் காயும்வரை வேலை செய்யும், காய்ந்ததும் தலையணையாகும்.

அலுமினியத் தாள் விரித்தால் அதன் சத்தமும் தொடுகையும் பிடிக்காமல் இறங்கிவிடும் என்பது சரிதான். புதிய தாளாக இருக்கவேண்டும். சிக்கனம் கருதி பிரியாணிப் பொட்டலத்தின் தாளை விரித்தவர்கள் வீட்டில் மூன்று பூனை கூடுதலாக வந்ததைத் தவிர வேறு பலன் இல்லை. இருபக்கம் ஒட்டும் டேப்பும் பலன் தரும், காலையில் அது உங்களோடு ஆபீசுக்கும் வரும். முள் முள்ளாக பிளாஸ்டிக் விரிப்பு ஒன்று விற்கிறார்கள். அதுவும் நல்ல தடுப்புதான். தூக்கக் கலக்கத்தோடு ஆறரை மணி ரயிலைப் பிடிக்க ஓடுபவர்கள், அதை எடுத்துவிட்டு உட்கார வேண்டும் என்பதை ஸ்பீடோமீட்டரில் எழுதி ஒட்டிவைத்துக்கொள்வது நலம்.

இனி வேடிக்கை இல்லாத ஒரு பத்தி. அந்துருண்டை போடாதீர்கள், பூனைக்கு அது விஷம். ஃபினாயிலும் அப்படியே. ஃபினால் வகைப் பொருட்களை உடைத்து வெளியேற்றும் திறன் பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. காலில் ஒட்டியதை அது நக்கித்தான் சுத்தம் செய்யும். மிளகாய்த் தூள் வதை. 1960-ஆம் வருட மிருகவதைத் தடுப்புச் சட்டம் பூனைக்கும் பொருந்தும். விரட்டும்போது கடித்தாலோ பிறாண்டினாலோ சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய் ரேபிஸ் ஊசியைத் தொடங்குங்கள். பூனைதானே என்று விட்டுவிடாதீர்கள்.

சாக்கில் கட்டிக்கொண்டு போய் எங்காவது விட்டுவரலாம் என்று ஒரு யோசனை வரும். கிளாம்பாக்கத்தில் விடலாம் என்பார்கள். 2023 டிசம்பர் 30 அன்று அந்தப் பேருந்து முனையம் திறந்த புதிதில், அங்கிருந்து ஊருக்குள் வர மனிதர்கள் பட்ட பாடு நினைவிருக்கும். பூனை பேருந்துக்குக் காத்திருப்பதில்லை. அது வழி தேடிப் புறப்பட்டுவிடும், வழியில் லாரி இருக்கிறது. அப்படியே திரும்பாவிட்டாலும் காலி இடத்துக்கு அடுத்த தெருப் பூனை வாரத்துக்குள் குடிவரும். பழையவரின் சுபாவமாவது உங்களுக்குத் தெரியும்.

கடைசியில் கீழ்வீட்டு ஆன்ட்டியிடம் பேசித்தான் ஆகவேண்டும். தயிர் சாதம் வைப்பது அவர்தான்.

"ஆன்ட்டி, உங்க பூனை சீட்டக் கிழிச்சிருச்சு."

"எங்க பூனையா? அது பொதுப் பூனைப்பா. சோறு மட்டும்தான் நான் வைக்கிறேன்."

"விரட்டவாவது செய்யலாமே."

"பாவம் தம்பி, வாயில்லா ஜீவன்."

ராத்திரி இரண்டு மணிக்கு இரண்டு கடுவன்கள் மோட்டார் அறை மேல் நின்று மாறிமாறிக் கத்தியதை வைத்து, வாய் இருக்கிறது என்று நிரூபிக்கலாம். வேண்டாம், விடுங்கள். அந்தப் பூனைக்குக் கீழ்வீட்டில் மணி என்றும் இரண்டாம் மாடியில் பிங்கி என்றும் பெயர். செக்யூரிட்டி அண்ணன் அதைப் பெரியவரே என்பார். நஷ்டஈடு என்றதும் மூன்று பெயரும் காணாமல் போய், அசோசியேஷன் வாட்ஸ்அப் குழுவில் அது "அந்தப் பூனை" ஆகிவிடும்.

ஆன்ட்டியிடம் கேட்கவேண்டியது நஷ்டஈடு அல்ல, கூட்டுமுயற்சி. பீய்ச்சும் பழக்கத்துக்கு முழு மருந்து கருத்தடைதான். அறுவை சிகிச்சைக்குப் பிறகு பெரும்பாலான கடுவன்கள் அதை விட்டுவிடுகின்றன. நள்ளிரவுக் கச்சேரியும் குறையும். கேப்டன் வி. சுந்தரம் 1959-இல் தொடங்கிய புளூ கிராஸ் கிண்டி, வேளச்சேரி பக்கம்தான் இருக்கிறது; அங்கோ அருகிலுள்ள கால்நடை மருத்துவமனையிலோ விசாரியுங்கள். செலவை ஃப்ளாட்டுக்கு இவ்வளவு என்று பிரித்தால் லிஃப்ட் பராமரிப்பை விடக் குறைவாகத்தான் வரும். பிறகு பார்க்கிங் தூண் ஒன்றில் பழைய கோணிப்பையை இறுக்கிச் சுற்றிக் கட்டுங்கள், பூனை எழுந்து நின்று கீறும் உயரத்துக்கு. அதன் அருகே ஒரு பலகை மேல் இன்னொரு கோணியை நாலாக மடித்துப் போடுங்கள். நாய்க்கு எட்டாத உயரம், வெயில் வந்து விழும் மூலை, கேட் தெரிய வேண்டும். இது கிடைத்தால் ரெக்ஸினைக் கேட்டு வழக்காடும் பூனைகள் குறைவு. 600 டெனியர் கவர் செய்யாததை அரிசிச் சாக்கு செய்துவிடும் என்பதே இந்தக் கையேட்டின் தீர்ப்பு.

இன்னும் ஒன்று. கவரை உருவும் முன் மேலே இரண்டு தட்டு தட்டுங்கள், குனிந்து இன்ஜின் பக்கமும் பாருங்கள். மழைக்காலத்தில் உள்ளே குட்டிகள் இருக்கலாம். இருந்தால் தொடாமல் கவரைப் பழையபடி மூடிவிட்டு நகர்ந்துவிடுங்கள். குட்டி போட்ட பூனை ஏழு வீடு மாற்றும் என்பார்கள். உங்கள் வண்டி அதில் எத்தனையாவது வீடோ, தாய் தானாகவே தூக்கிக்கொண்டு அடுத்த விலாசத்துக்குப் போய்விடும். அதுவரை ஆபீசுக்கு என்ன செய்வது என்று கேட்காதீர்கள். தாம்பரத்திலிருந்து கடற்கரைக்கு 1931 முதல் மின்சார ரயில் ஓடுகிறது. ஒரு மாத சீசன் டிக்கெட் எடுத்துக்கொள்ளுங்கள்.